"எல்லாரும்" என்ற ஒரு சொல்

சென்னையிலிருந்து காஞ்சீபுரத்துக்குப் பஸ்ஸில் பிரயாணம் செய்யும் அன்பர்கள், பூந்தமல்லியைத் தாண்டியதும் நசரத்பேட்டை என்ற ஊரைக் கடந்து செல்கிறார்கள். சென்னையின் வெளிவட்டச் சாலை அவ்விடத்தில்தான் பெங்களூர்ச் சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. ஆகையால், லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே ஊரின் பெயர்ப் பலகையை நின்று படிப்பவர்கள் மிகச் சிலரே. அப்படிப் படிப்பவர்களுக்கு ஒரு ஞாபகம் வராமற் போகாது. ஏசுநாதர் வளர்ந்த கலிலேயா நாட்டுச் சிற்றூரின் பெயர் நாசரேத்து அல்லவா? காதுக்கு அந்தப் பெயரை நினைவூட்டும் இவ்வூருக்கு மேற்கே திருமழிசை இருக்கிறது; கிழக்கே பூந்தமல்லி. முன்னது திருமழிசையாழ்வார் அவதரித்த தலம்; பின்னது திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். இவர்களில் நம்பிகளைப் பற்றிய ஒரு கதையை நம் நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். ஆயினும், இக்கட்டுரைக்கு அது இன்றியமையாததாகையால் மறுபடியும் கூறுகிறோம்.

நம்பிகள் வைசிய குலத்தினர். காஞ்சியில் வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசிக் கைங்கரியம் செய்து வந்தவர். இளமைப் பருவத்து ராமாநுஜருக்கு அவரிடம் அளவிறந்த பக்தி உண்டு. நம்பிகள் அமுது செய்த மிச்சத்தைத் தாம் உண்ணவேண்டும் என்பது ராமாநுஜரின் ஆசை. அதற்காகவே அவரைத் தம் இல்லத்துக்கு விருந்துக்கு அழைத்தார். விருந்தினரை எதிர்கொண்டு அழைத்துவர ராமாநுஜர் ஒரு வீதி வழியே செல்ல, நம்பிகள் வேறொரு வீதி வழியே வந்து சேர்ந்தார். கோயிற் பணிக்கு நேரமாகிவிட்டபடியால் உண்டுவிட்டு உடனே சென்றும் விட்டார். இல்லத்தரசியார் தஞ்சமாம்பாள் என்ன செய்தார்? இலையை எடுத்து எறிந்தார். இடத்தைச் சாணமிட்டு மெழுகினார். மீந்ததைப் பிறருக்குக் கொடுத்துவிட்டார். ஸ்நானம் செய்து, கணவருக்கென்று புதிதாகச் சமைக்கத் தொடங்கினார். திரும்பி வந்து இதைக் கண்ட ராமாநுஜர் மிகவும் மனம் நொந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. அந்த அம்மையாரைக் குறை கூறுவது சுலபம். ஆனால் அவர் செய்தது, அக்காலத்தில் ஆசாரமான குடும்பத்துப் பெண்மணி எவரும் செய்திருக்கக் கூடியதே என்பதை மறக்கலாகாது.

ஒருவர் உண்ட மிச்சம் மற்றவருக்குப் பிரசாதமா, தீட்டா? பூந்தமல்லி நம்பியை முன்னிட்டு எழுந்த இந்தக் கேள்வி, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்களுக்குள்ளும் புகுந்து, மதத் தலைவர்களையும் நீதிபதிகளையும் திணற அடித்தது. அங்கே அது ஏசுநாதரின் ஒரு வாக்கியத்தைப் பற்றிக் கொண்டது. அந்த வாக்கியத்திலும் ஒரே ஒரு சொல்லை.

கடைசி இரவுப் பந்தி

தாம் பிடிபடுவதற்கு முந்தின இரவு ஏசுநாதர் பன்னிரண்டு சீடர்களுடன் பந்தியில் அமர்ந்திருந்தார். அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் செய்து, பிட்டு, தம் உடல் இது என்று சொல்லி அவர்களுக்குக் கொடுத்தார். பின்னர்ப் பாத்திரத்தை எடுத்து, எல்லாரும் இதில் பருகுங்கள் என்றார். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் "எல்லாரும்" என்ற சொல் ஏசுவின் கட்டளைக்குள்ளேயே வருகிறது. மாற்கு எழுதியதிலோ அது கட்டளையாக இல்லை. எல்லாரும் பருகினார்கள் என்று நடந்த செய்தியாக இருக்கிறது. லூக்கா அந்தச் சொல்லை விட்டுவிட்டு, உங்களுக்குள் பங்கிட்டுக் கொள்ளுங்கள் என்ற பொருளில் எழுதுகிறார். யோவானோ அப்பத்தையும் பாத்திரத்தையும் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவருடைய கதையை இறுதியில் கவனிப்போம்.

இந்த விருந்தின் ஞாபகார்த்தமாக நடக்கும் சடங்குக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! கத்தோலிக்கர் திவ்விய நற்கருணை என்பார்கள். முதன்முதல் அதைப் பெறும் குழந்தைக்கு "புதுநன்மை" என்று வீட்டில் விழாவே நடக்கும். பழைய கத்தோலிக்க நூல்களில் சற்பிரசாதம் என்ற பதமும் உண்டு. பிராடெஸ்டண்டுகள் இராப்போஜனம் என்றும் திருவிருந்து என்றும் சொல்வார்கள். ஒரு சாரார் பிரசாதம் என்கிறார்கள், மற்றொரு சாரார் போஜனம் என்கிறார்கள். பெயரைக் கேட்டாலே எந்தச் சபையார் எந்தக் கோணத்தில் நின்று அந்த வாக்கியத்தைப் பார்க்கிறார்கள் என்பது ஒருவாறு புலப்பட்டு விடும்.

ஐரோப்பாவில் பெருஞ் சண்டை மூண்டது முக்கியமாக "இது என் உடல்" என்ற முதல் வாக்கியத்தைப் பற்றியே. அப்பம் மெய்யாகவே கிறிஸ்துவின் உடலாக மாறிவிடுகிறது என்பது கத்தோலிக்கக் கொள்கை. அப்பம் அப்பமாகவே இருக்க, அதனுடன் கிறிஸ்துவும் மெய்யாக இருக்கிறார் என்றார் ஜெர்மனியின் லூதர். "உடலாக இருக்கிறது" என்றால் "உடலைக் குறிக்கிறது" என்றே பொருள் என்று வாதித்தார் சுவிட்சர்லாந்தின் ஸ்விங்கிளி. இருவரும் 1529-ம் வருஷம் மார்பர்க் நகரில் நேருக்கு நேர் சந்தித்தபோது, லூதர் மேஜையின் மேல் அந்த வாக்கியத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் லத்தீனில் எழுதி வைத்துக் கொண்டு, அதிலிருந்து அணுவளவும் அசைய மறுத்தார் என்பது பிரசித்தமான சமாசாரம். "இருக்கிறது" என்ற வினைச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதே அவர்கள் வழக்கு. தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு வேடிக்கை தோன்றுகிறது. தமிழில் "இது என் உடல்" என்று சொன்னாலே வாக்கியம் முடிந்து விடுகிறது. "இருக்கிறது" தேவையே இல்லை. ஏசுநாதர் பேசிய அரமேயிக் பாஷையும் இவ்விஷயத்தில் தமிழைப் போன்றதே என்று அம்மொழி வல்லவர்கள் கூறுகிறார்கள்!

இந்தச் சண்டை கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் தமிழ்நாட்டு மண்ணில் அது வேர் ஊன்றவில்லை. இங்கே ஜனங்கள் கலங்கியது அடுத்த வாக்கியத்தைக் கேட்டுத்தான். எல்லாரும் என்றால் யார் யார்?

யாருக்குப் பாத்திரம்?

இந்தக் கேள்விக்கும் ஐரோப்பாவில் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. அன்று பந்தியில் இருந்தவர்கள் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், அவர்கள் குருமார், ஆகையால் "எல்லாரும்" என்ற கட்டளை குருமாரைப் பற்றியது என்பது கத்தோலிக்கரின் விளக்கம். அப்பம் ஒன்றிலேயே கிறிஸ்து முழுமையாக இருப்பதால், பாத்திரத்தைப் பெறாத ஜனங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். 1415-ம் வருஷம் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய மகாசபை, ஜனங்களுக்கு அப்பம் மட்டுமே என்று தீர்மானம் செய்தது. அதே சபை, அதே வருஷம், பொஹீமியா தேசத்து யான் ஹஸ் என்ற உபதேசியாரை உயிரோடு கொளுத்தவும் செய்தது. அவருடைய தேசத்தார் பாத்திரத்தையே தங்கள் கொடியின் சின்னமாக வைத்துக் கொண்டு பல வருஷகாலம் யுத்தம் செய்தார்கள். நூறு வருஷம் கழித்து வந்த லூதர், பாத்திரம் ஜனங்கள் அனைவருக்கும் உரியது என்று கொடுத்துவிட்டார்.

மற்றொரு சங்கடமும் உண்டு. காட்டிக் கொடுக்கப் போகிற யூதாஸும் அந்தப் பாத்திரத்தில் பருகினானா? லூக்காவின் வரிசைப்படி பார்த்தால், பாத்திரம் கொடுத்தான பிறகும் அவன் கை பந்தியில்தான் இருக்கிறது. யோவானின் கதையிலோ அவன் துணிக்கையை வாங்கிக் கொண்டு இருளில் வெளியேறி விடுகிறான். அவனும் பருகினான் என்றே அகஸ்தீன் முதலிய பெரியோர் கருதினார்கள். அப்படியானால், துரோகிக்கும் மறுக்கப்படாத பாத்திரத்தை யாருக்கு மறுப்பது? ஆசாரியர்களுக்கு இது தீராத தலைவலி.

1706-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சீகன்பால்கு, புளூச்சோ என்ற இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் தரங்கம்பாடிக் கரையில் இறங்கியபோது, லூதர் ஜனங்களுக்குக் கொடுத்த பாத்திரம் அவர்களோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. அவர்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. எச்சில் என்ற பதத்துக்குச் சரியான பதம் ஜெர்மன் பாஷையில் இல்லை. ஒரே பாத்திரத்தில் ஒருவர் பின் ஒருவராக வாய் வைத்துக் குடிப்பது ஐரோப்பியருக்கு ஒரு பொருட்டன்று. நம்மவர்களுக்கோ, உடன்பிறந்தார் குடித்த செம்பையே கழுவாமல் தொடக் கூடாது. அப்படியிருக்க, வேளாளர் ஒருவரும் சேரியிலிருந்து வந்த ஒருவரும் ஒரே கிண்ணத்தில் உதடு பொருத்துவது எப்படி? தரங்கம்பாடிச் சபையில் சாதியார் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள். நற்கருணை வாங்கும்போது உயர்ந்தவர் என்று கொள்ளப்பட்டவர்கள் முதலில் வாங்கினார்கள். மற்றவர்கள் பின்னால் வாங்கினார்கள். எல்லாரும் பருகினார்கள், ஆனால் வரிசையாக! கட்டளையை மீறவில்லை என்று பாதிரியாரும், எச்சில் படவில்லை என்று சாதியாரும் திருப்தி அடையலாம்.

கத்தோலிக்கர் விஷயம் வேறு. ஜனங்களுக்குப் பாத்திரமே இல்லையாகையால் அங்கே எச்சிலுக்கு இடமில்லை. குரு, அப்பத்தை அவரவர் நாவில் வைத்து விடுவார். ஆனால் சாதி என்பது ஒரு வாசலை அடைத்தால் மறு வாசல் வழியாக வரும் பொருள். அங்கே அது பாத்திரத்தை விட்டுச் சுவரைப் பற்றிக் கொண்டது. 1606-ல் மதுரைக்கு வந்து காஷாயம் தரித்துத் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் டி நொபிலி, மேற்குலத்தாருக்குத் தனியாகக் கோயில் வைத்தார். பரவர்களுக்கு ஏற்கனவே வேறு கோயில் இருந்தது. பிற்பாடு தாழ்த்தப்பட்ட வகுப்பினரிடம் பழகுவதற்கென்றே பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருமாரும் ஏற்பட்டார்கள். 1704-ம் வருஷம் போப்பின் தூதராகப் புதுச்சேரியில் தங்கிய தூர்னோன் என்பவர், தாழ்த்தப்பட்டவர் வீட்டில் நோயாளி கிடந்தால் குருமார் அவ்வீட்டுக்கே போய்த் திருச்சடங்கை நிறைவேற்ற வேண்டும் என்று கட்டளையிட்டார். கட்டளையிட வேண்டி வந்ததிலிருந்தே, அதுவரை நடந்தது என்ன என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

புதுச்சேரிக் கோயிலில் இருந்த சுவரைப் பற்றி நமக்குச் சாட்சி சொல்பவர் வேறு யாரும் அல்லர். துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையே. அவருடைய தினசரிக் குறிப்பில், 1745-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் இவ்விஷயம் வருகிறது. கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒரு புறமும், சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும் மறு புறமுமாக இருக்கும்படி நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் இது என்ன அநியாயம் என்று தூண்டிவிட, ஒடுக்கப்பட்டிருந்தவர்கள் போய் முறையிட, பெரிய பாதிரியார் சுவரை இடிக்கச் சொன்னார். பிள்ளையவர்கள் கிறிஸ்தவர் அல்லர். சாதி வித்தியாசத்தை ஒழிக்க ஆசைப்பட்டவரும் அல்லர். ஆயினும் ஊரில் நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதி வைக்கும் நல்ல வழக்கம் அவருக்கு இருந்தது. அதற்காக அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

தஞ்சைப் புலவரின் நான்கு முறையீடுகள்

இந்தச் சரித்திரத்தில் நம் மனத்தை மிகவும் கவர்பவர், அதே சமயம் மிகவும் வருத்துபவர், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் பாளையங்கோட்டையில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து, ஷுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி கற்று, சரபோஜி மகாராஜாவின் நட்பைப் பெற்று, பெத்தலேகம் குறவஞ்சி முதலிய நூல்களைச் செய்தவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பக்தியோடு பாடுகிறார்கள். ஆயிரத்து எண்ணூற்று இருபதுகளின் கடைசியில், இளம் மிஷனரிகள் சிலர் தஞ்சைச் சபையில் புதிய சட்டங்களைக் கொண்டு வந்தபோது, சாஸ்திரியார் நான்கு கொடுமைகள் என்று வரிசைப்படுத்திக் கண்டனம் செய்தார். பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பைத் திருத்துவது ஒன்று. பண்டிகைகளில் பூவை விலக்குவது ஒன்று. கோயிலில் தமிழ்ச் சங்கீதத்தை நிறுத்துவது ஒன்று. சாதியாரையும் மற்றவர்களையும் பலவந்தமாக ஒன்று சேர்ப்பது ஒன்று.

முதல் மூன்றையும் படிக்கும்போது எந்தத் தமிழனுக்கும் ரத்தம் கொதிக்கும். நம்முடைய பூவையும் பாட்டையும் பாஷையையும் அந்நிய தேசத்து வாலிபர்கள் வந்து தள்ளி வைப்பதா என்று சாஸ்திரியாருடன் சேர்ந்து நாமும் கேட்போம். நான்காவதை வாசிக்கும்போதுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொள்கிறது. அந்தப் பெரும் புலவர் நான்கையும் ஒரே மூச்சில் சொன்னார். அவருக்கு அவை நான்கும் ஒரே சொத்தின் நான்கு மூலைகள். பூவும் பாட்டும் நம்முடையவை என்றால் சாதியும் நம்முடையதுதானே? இந்த முடிச்சைச் சாஸ்திரியார் மட்டும் போட்டுக் கொண்டார் என்று சொல்ல முடியாது.

கல்கத்தா பிஷப் டேனியல் வில்ஸன் 1833-ம் வருஷம் விடுத்த சுற்றுக் கடிதம் இந்தத் தகராறுக்கு உச்சகட்டம். அப்போது சென்னைக்குத் தனி பிஷப் கிடையாது. கிறிஸ்தவ சபைகளுக்குள் சாதி வித்தியாசத்தைத் தாமதமின்றி, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று அவர் எழுதினார். உட்காரும் இடத்திலும், நற்கருணை பெறும் முறையிலும் வேற்றுமை கூடாது. கடிதம் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் திரளான பேர் சபையை விட்டு வெளியேறினார்கள். வில்ஸன் பின்வாங்கவில்லை, 1835-ல் தாமே தெற்கே வந்து தம் கட்டளையை நிலைநாட்டினார்.

வெளியேறியவர்களில் பலருக்குப் புகலிடம் கொடுத்தது ஜெர்மனியின் லைப்ஸிக் மிஷன். அதன் தலைவர் கார்ல் கிரௌல் 1849 முதல் சில வருஷம் இந்தியாவில் இருந்து தமிழ் கற்றுத் திருக்குறளையும் ஜெர்மன் பாஷையில் பெயர்த்தவர். சாதி என்பது பெரும்பாலும் லௌகிக ஏற்பாடு. அதைச் சட்டத்தால் வெட்டியெறியக் கூடாது. உள்ளிருந்து தானாகக் கரைய விட வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஒரு பிடி புளித்த மா, மூன்று படி மாவையும் மெல்லப் புளிக்க வைப்பது போல என்று சுவிசேஷத்தில் ஓர் உவமை உண்டு. கிரௌலின் வாதம் அதை ஒத்திருக்கிறது. அமெரிக்கர்களுடைய மதுரை மிஷனோ நேர் எதிர். அவர்கள் 1847-ல் தங்கள் உபதேசியார்களை ஒரே பந்தியில் வைத்து, தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்ணச் சொல்லிப் பரீட்சை செய்தார்கள். உண்ண மறுத்தவர்கள் வேலையை இழந்தார்கள். பூந்தமல்லி நம்பியின் இலை நினைவுக்கு வருகிறதா? அங்கே ஆசிரியர் ஒருவர் விரும்பி உண்ண நினைத்தார்; இங்கே சம்பளம் கொடுப்பவர் உண்ணச் சொன்னார். இரண்டும் ஒன்றல்ல என்பதே நம்முடைய அபிப்பிராயம். ஆனாலும் அந்தப் பந்தியில் முதன்முறையாகச் சமையற்காரராக இருந்தவரின் மனம் அன்று எப்படி இருந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் மற்றொரு சங்கதியும் உண்டு. ஒரே பாத்திரத்தில் பருகுங்கள் என்று நம்மவர்களுக்கு உபதேசித்த வெள்ளைக்கார மிஷனரிமார், ஆராதனை முடிந்ததும் தங்கள் பங்களாவுக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டார்கள். அந்த மேஜையில் இந்தியப் பாதிரியாருக்கு நாற்காலி கிடைப்பது அபூர்வம். இதை வெளிப்படையாகச் சொல்ல ஒரு திருநெல்வேலித் தமிழர் வேண்டியிருந்தது. வெள்ளாளன்விளையில் 1874-ல் நாடார் குலத்தில் பிறந்த வி. எஸ். அசரியா, 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மகாநாட்டில் எழுந்து நின்று, பொருளைக் கொடுத்தீர்கள், உழைப்பைக் கொடுத்தீர்கள், நட்பை மட்டும் கொடுக்கவில்லை என்ற கருத்துப்படப் பேசினார். சபையில் சலசலப்பு உண்டாயிற்று. இரண்டு வருஷம் கழித்து அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். எல்லாரும் என்ற சொல் வேளாளரைக் கேட்ட கேள்வியை வெள்ளையரையும் கேட்டுவிட்டது.

சுவர் கோர்ட்டுக்குப் போன கதை

கத்தோலிக்கர் பக்கத்தில் சுவர் அவ்வளவு சீக்கிரம் விழவில்லை. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் ஒரு விசித்திரமான கோயில் இருக்கிறது. இரண்டு நீண்ட மண்டபங்கள் ஒரு மூலையில் வந்து சேர்ந்து, கால்சட்டை போன்ற வடிவத்தில் கட்டப்பட்டது. சேரும் இடத்தில் பீடம். ஒரு காலில் வேளாளர் முதலானோர்; மறு காலில் நாடார்கள். ஒரே குரு செய்யும் ஒரே பூசையை இரு சாராரும் காணலாம். ஒருவரை ஒருவர் காண வேண்டியதில்லை! சிற்பிக்கு அபாரமான மூளை என்று சொல்ல வேண்டும். பிரிவினைச் சுவர் 1910-ல் குருமாரின் கட்டளையால் அகற்றப்பட்டது. தங்களுக்குத் தனி இடத்துக்கு வழக்கப்படி பாத்தியதை உண்டு என்று சாதிக் கிறிஸ்தவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்கு ஹைகோர்ட்டு வரையில் போயிற்று. 1916-ல் வந்த தீர்ப்பில், கோயிலுக்குள் சாதியை முன்னிட்டுத் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று நீதிபதிகள் சொல்லி விட்டார்கள்.

கிறிஸ்தவர்கள் இப்படியா என்று கை தட்டி நகைக்க மற்றவர்களுக்கு யோக்கியதை இல்லை. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் தேசியக் குருகுலம் நடத்தினார். பாரத மாதாவின் பிள்ளைகளைச் சகோதரர்களாக வளர்க்க எழுந்த அந்த ஸ்தாபனத்தில், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதால் 1924, 1925-ம் வருஷங்களில் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் எழுப்பிய கிளர்ச்சியை நேயர்கள் அறிவார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஹரிஜன சகோதரர்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலையில். வடக்கன்குளத்துத் தீர்ப்புக்கு இருபத்து மூன்று வருஷம் கழித்து.

தீர்ப்பு வந்தால் மனம் திருந்திவிடுமா? 2008-ம் வருஷம் மார்ச் மாதத்தில் விழுப்புரம் பக்கத்து எறையூரில், ஒரே கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த இரு சாராருக்கு இடையே மூண்ட கலகத்தில் போலீஸார் சுட்டு இருவர் மாண்டார்கள். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் கேட்டது சேர்ந்து உட்கார அன்று. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றே கேட்டார்கள். சேர்ந்திருப்பதில் அவ்வளவு அலுத்துப் போயிருந்தது. அதற்கு ஐந்து வருஷத்துக்கு முன், 2003 நவம்பரில், இரண்டாம் ஜான் பால் போப், ரோமாபுரிக்கு வந்த தமிழ்நாட்டு ஆயர்களை நோக்கிச் சாதி வேற்றுமை கிறிஸ்தவ ஐக்கியத்துக்கு விரோதம் என்று எச்சரித்திருந்தார்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே

பூந்தமல்லியில் கத்தோலிக்கக் குருமாரைப் பயிற்றும் திரு இருதயக் குருமடம் இருக்கிறது. அங்கிருந்து நெடுஞ்சாலை வழியே கிழக்கே வந்தால், கீழ்ப்பாக்கத்தில் லூதரன் குருகுலம். அப்பால் பேப்ரீஷியஸ் பாதிரியார் வேத மொழிபெயர்ப்புக்காக உழைத்த வேப்பேரி. அதன் பிறகு எழும்பூரில், 1821-ல் திறக்கப்பட்ட ஸ்காட்லாந்துக்காரரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம். சில மைல் தூரத்துக்குள் ஒரே வாக்கியத்துக்கு எத்தனை உரையாசிரியர்கள்! கத்தோலிக்கரில், 1963-ல் வத்திக்கான் மகாசபை இசைவளித்த பிறகு, சில விசேஷங்களில் ஜனங்களுக்கும் பாத்திரம் உண்டு. ஆனால் நம் ஊர்ப் பங்குகளில் பெரும்பாலும் அப்பத்தோடு சரி. ஸ்காட்லாந்து மரபில், விருந்தென்றால் விருந்து போலவே நீண்ட மேஜையைச் சுற்றி உட்காரும் வழக்கம் இருந்தது. ரட்சணிய சேனையாரோ 1883 முதல் இந்தச் சடங்கையே விட்டுவிட்டார்கள். மனிதன் உண்ணும் ஒவ்வொரு உணவும் ஞாபகார்த்தமாகலாம் என்பது அவர்கள் கொள்கை. மதுவிலக்கில் வைராக்கியம் கொண்ட மெதடிஸ்டுகளின் சங்கடத்தைத் தீர்க்க, 1869-ல் அமெரிக்காவில் வெல்ச் என்ற பல் வைத்தியர் திராட்சை ரசத்தைப் புளிக்காமல் காய்ச்சி வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதுவே பிற்பாடு பெரிய வியாபாரமாயிற்று என்பது வேறு கதை. சுகாதாரத்தை முன்னிட்டு ஆளுக்கொரு சிறு கிண்ணம் கொடுக்கும் சபைகளும் உண்டு. சாஸ்திரியார் காலத்தில் இந்தச் சிறு கிண்ணம் வந்திருந்தால், தஞ்சையில் பாதித் தகராறு எழுந்தே இராது. மற்றப் பாதி தீர்ந்தும் இராது.

1919 மே மாதத்தில், அசரியா முதலானோர் தரங்கம்பாடியில் கூடி ஓர் ஐக்கிய அறிக்கை வெளியிட்டார்கள். வெளிநாட்டார் தங்கள் தேசத்தில் போட்டுக் கொண்ட சண்டைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அதன் உட்கிடை. இருபத்தெட்டு வருஷம் பேசினார்கள். தேசம் சுதந்தரம் அடைந்து சுமார் ஆறு வாரத்தில், 1947 செப்டம்பர் 27-ந் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் ஆகிய மரபினர் ஒரே பாத்திரத்தில் பருகினார்கள். அசரியா அதைப் பார்க்க இல்லை. 1945-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று காலமாகிவிட்டார்.

யோவானின் கதையைக் கடைசியில் கவனிப்போம் என்று சொன்னோம். அவர் எழுதியபடி, அன்று இரவு ஏசுநாதர் மேலங்கியைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக் கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவினார். நீங்களும் ஒருவர் கால்களை ஒருவர் கழுவ வேண்டும் என்றார். கட்டளை என்று பார்த்தால் இதுவும் கட்டளைதான். ஆயினும் பெரும்பாலான பிராடெஸ்டண்டுகள் இதை உபமானமாகவே கொண்டு விட்டார்கள். ஏழாம்நாள் அட்வெண்டிஸ்டுகள் போன்ற சில சபையார், இராப்போஜனத்துக்கு முன் ஒருவர் கால்களை ஒருவர் கழுவும் வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கக் கோயில்களில், பெரிய வியாழக்கிழமை மாலையில் குருவானவர் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்களாக இருக்க வேண்டும் என்பது நெடுங்காலச் சட்டம். 2013-ல் பிரான்சிஸ் போப் ரோமாபுரியில் ஒரு சிறுவர் சிறைச்சாலைக்குப் போய்க் கால் கழுவியபோது, அவர்களில் இரண்டு பேர் பெண்கள், ஒருத்தி முஸ்லிம். 2016 ஜனவரியில் அவர் சட்டத்தையே மாற்றினார். ஆண்களும் பெண்களும், இளைஞரும் முதியோரும், நோயாளிகளும் எவர் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆயிற்று.

பெரிய வியாழக்கிழமைகளில் தமிழ்நாட்டுப் பங்குக் கோயில்கள் சிலவற்றில் பெண்களும் கால் நீட்டி உட்காரத் தொடங்கினார்கள். அண்டை நாடாகிய கேரளத்தில், அதே போப்பை ஏற்றுக் கொண்டு தங்கள் சொந்தச் சிரியன் முறைப்படி வழிபடும் சீரோ மலபார் திருச்சபையார், 2017-ல் இதைப் பற்றிக் கலந்து யோசித்தார்கள். தங்கள் மரபில் ஆண்களின் கால்களையே கழுவுவது என்று முடிவு செய்தார்கள். அன்று பந்தியில் இருந்த பன்னிருவரும் ஆண்களே அல்லவா என்பது அவர்கள் சொன்ன காரணம்.